அடுப்படியில் வெள்ளைப் பொடிக்கு இடமில்லை

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்குப் பயிற்சியில் எல்லாம் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அந்தப் பாடங்களில் சிலவற்றை நானே நடத்தியிருக்கிறேன்; ஆகவே அவற்றின் மேல் எனக்குப் பெரிய மரியாதை கிடையாது. பாலூட்டும் தாய் என்ன சாப்பிட வேண்டும் என்ற பக்கத்தில் பால், முட்டை, மீன், கீரை, அயோடின் கலந்த உப்பு என்று வரிசையாக இருக்கும். பக்கத்திலேயே சிரித்த முகமாக ஒரு தாயின் படம் இருக்கும். அந்தப் படத்துத் தாய்க்கு மாமியார் கிடையாது. புருஷன் பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கப் போவதில்லை. அவள் சமையலறைக்குள் எது வரலாம், எது வரக் கூடாது என்று யாரும் சட்டம் போட்டதில்லை. நீங்கள் பார்க்கப் போகும் தாய்மார்களுக்கு இவையெல்லாம் உண்டு.

நான் சிவகாசி வட்டாரத்தில் சமுதாய சுகாதாரச் செவிலியராக இருந்தவள். கிராம நர்சுகளின் வேலையை மேற்பார்வை செய்வது என் பொறுப்பு. மேற்பார்வை என்பது சந்தேகப்படுவதற்கு அரசாங்கம் வைத்திருக்கும் கௌரவமான பெயர். ‘எல்லாம் நார்மல்’ என்று யாராவது சொன்னால், எது நார்மல், யார் பார்த்தது, எப்போது பார்த்தது என்று கேட்பேன். இதனால் எனக்கு நண்பர்கள் குறைவு. விஸ்வநத்தத்து மாரீஸ்வரியின் குழந்தை விஷயத்தில் அந்தக் குணம் எங்கே உதவியது, எங்கே என்னையே ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகப் பார்த்தது என்பதைச் சொல்கிறேன். நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச காலம் முன்பு நடந்தது.

மாரீஸ்வரிக்கு அது இரண்டாவது பிரசவம். மூத்த பெண் பிறந்தது மல்லாங்கிணற்றில், அவளுடைய அம்மா வீட்டில். இந்த முறை அம்மாவுக்கு உடம்பு முடியாததால், மாமியார் குருவம்மாளே விஸ்வநத்தத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டாள். நான் அந்த வீட்டுக்குப் போனபோது பையனுக்கு இரண்டு மாதம் முடிந்திருந்தது. ஊர் நர்ஸ் கூட வந்திருந்தாள். வழக்கமான வீட்டுப் பார்வைதான், எந்தப் புகாரும் இல்லை.

புகாருக்குப் பதிலாகப் புகழ்ச்சி இருந்தது. “அம்புட்டு நல்ல பிள்ளைம்மா. சத்தமே கெடையாது. நாமளா எழுப்பித்தான் பால் குடுக்கணும்” என்றாள் குருவம்மாள். நாள் கணக்கில் வெளிக்குப் போகாமல் இருப்பதையும், குடித்த பால் முழுக்க உடம்பில் ஒட்டுகிறது என்று பெருமையாகவே சொன்னாள். எடையும் சரியாக இருப்பதாக ஊர் நர்ஸ் சேர்ந்துகொண்டாள்.

எனக்குப் புகழப்படும் குழந்தைகள் மேல் எப்போதும் சந்தேகம் உண்டு. தொட்டுப் பார்த்தேன். அந்த வெயிலிலும் தோல் குளிர்ந்து, உலர்ந்து கிடந்தது. தொப்புள் பிதுங்கியிருந்தது. உள்ளங்காலைச் சுண்டினேன். முகம் சுளிக்கவே நேரமானது. பிறகு வந்த அழுகை தொண்டை கட்டிய பெரிய ஆளின் குரல் போல இருந்தது. எடை சரியாகத்தான் இருந்தது. குழந்தை சரியாக இல்லை.

தைராய்டாக இருக்குமோ என்று பட்டது; அன்றைக்கே ரத்தம் எடுக்கச் சொன்னேன். தூங்குகிற பிள்ளையைக் குத்தி எழுப்பிவிடுவதுதான் உங்கள் வேலையா என்று குருவம்மாள் கேட்டாள். ஆமாம் என்றேன்.

பிறந்தவுடன் குதிகாலில் எடுத்த ரத்தத்தில் தைராய்டு சரியாக இருந்ததாகச் சொன்னார்கள். நான் நம்பாமல் தேடிப் போய்ப் பார்த்தேன். உண்மையிலேயே சரியாகத்தான் இருந்தது. இது எனக்கு இன்னும் மோசமான செய்தியாகப் பட்டது. என் சந்தேகம் சரியென்றால், பிறக்கும்போது வேலை செய்த சுரப்பி, தாய்ப்பாலைத் தவிர வேறொன்றும் குடிக்காத இந்த இரண்டு மாதத்துக்குள் தடுமாறியிருக்கிறது. அப்படியானால் வந்த வழி பால்தான், அல்லது பாலில் வராமல் போன ஏதோ ஒன்று.

விருதுநகரில் குழந்தை மருத்துவர் முடிவைப் பார்த்தார். என்னைவிட வயதில் சிறியவர், வளவளவென்று பேசாதவர். குழந்தைக்குத் தைராய்டு ஹார்மோன் மிகக் குறைவாக இருந்தது. மாரீஸ்வரிக்கும் பார்த்ததில் அவளுடைய சுரப்பியும் திணறிக்கொண்டிருப்பது தெரிந்தது. இந்த வயதில் அந்த ஹார்மோன் இல்லாமல் மூளை வளராது, இப்போது தவறவிட்ட வளர்ச்சியைப் பிறகு எந்த மாத்திரையும் திருப்பித் தராது என்று மாரீஸ்வரிக்கும் அவள் புருஷன் கருப்பசாமிக்கும் புரிகிற மாதிரி சொன்னார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். சுரப்பிக்கு வேண்டிய அயோடின் குழந்தைக்குப் பாலில் மட்டும்தான் வர வேண்டும், தாயின் தட்டில் இல்லாதது பாலில் இருக்காது என்றார். இன்னொன்றும் சொன்னார். சில வகைப் பட்டாசுகளில் சேர்க்கும் பெர்குளோரேட் என்ற ரசாயனம், தூசியிலோ தண்ணீரிலோ உடம்புக்குள் போனால், அயோடினைச் சுரப்பிக்குள்ளும் பாலுக்குள்ளும் போகவிடாமல் வாசலிலேயே மறிக்கும்.

“எது காரணம்னு நீங்க தேடிக்கிட்டே இருங்க சிஸ்டர். மாத்திரை இன்னைக்கே ஆரம்பிக்கணும். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது.”

இந்த மூன்று வாக்கியங்களில் ‘இன்னைக்கே’ என்ற சொல் எதோடு வந்தது என்பதை மறக்காதீர்கள். நானே ஒரு வாரம் மறந்திருந்தேன், ஏனென்றால் என் மனம் ஏற்கெனவே தீர்ப்பு எழுதிவிட்டது. கருப்பசாமி மருந்து கலக்கும் அறையில் வேலை செய்கிறான். மாரீஸ்வரி ஏழாம் மாதம் வரை அதே கம்பெனியில் பட்டாசுக் குழாய்க்குள் மருந்து அடைத்தவள். புருஷனின் சட்டையைத் துவைப்பவளும் அவள்தான். மல்லாங்கிணற்றில் வானம் பார்த்த புஞ்சைக் காடு, பட்டாசுக் கம்பெனி இல்லை; அங்கே பிறந்த மூத்தவள் துறுதுறுவென்று ஓடிக்கொண்டிருக்கிறாள். விஸ்வநத்தத்தில் பிறந்தது இப்படிக் கிடக்கிறது. இதற்கு மேல் என்ன வேண்டும்?

நான் மட்டுமல்ல, எல்லோரும் ஆளுக்கொரு குற்றவாளியைப் பிடித்து வைத்திருந்தார்கள். குருவம்மாளுக்கு மல்லாங்கிணற்றிலிருந்து சம்பந்தி வீட்டார் கொடுத்தனுப்பிய கம்பு மேல் சந்தேகம். மாரீஸ்வரியின் அண்ணன் வந்து கம்பெனி மேல் கேஸ் போடுவேன் என்று சத்தம் போட்டான். கம்பெனி ஃபோர்மேன் ஆப்பிளும் ஹார்லிக்சுமாக வந்து உட்கார்ந்து, இந்தக் காலத்துப் பிள்ளைகள் எங்கே ஒழுங்காகச் சாப்பிடுகிறார்கள் என்று பொதுவாக வருத்தப்பட்டார். ஆப்பிளோடு வரும் வருத்தத்தை நான் நம்புவதில்லை. கருப்பசாமி மட்டும் யார் மேலும் சந்தேகப்படவில்லை. தன் சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தான். இத்தனை துப்பறிவாளர்களுக்கு நடுவில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

மறு பரிசோதனை முடிவு வந்தது. துளி முன்னேற்றம் இல்லை. மாத்திரையின் அளவைக் கூட்டலாம், இல்லையென்றால் மதுரைக்கு அனுப்பலாம் என்று மருத்துவர் யோசித்தார். எனக்கு அப்போதுதான் புத்தி வந்தது. ஒரு மருந்து வேலை செய்யவில்லை என்றால், மருந்தைச் சந்தேகப்படுவதற்கு முன்னால் அது உள்ளே போனதா என்று சந்தேகப்பட வேண்டும். எனக்கு ஒருநாள் அவகாசம் கொடுங்கள் என்று மருத்துவரிடம் கேட்டுக்கொண்டேன்.

மறுநாள் காலை, மாத்திரை கொடுக்கும் நேரத்துக்கு, ஊர் நர்சையும் கூட்டிக்கொண்டு, சொல்லாமல் போய் நின்றேன். இதில் கூச்சப்படாதீர்கள். சொல்லிவிட்டுப் போனால் நீங்கள் விருந்தாளி.

மாத்திரையைத் தினமும் தானேதான் கொடுப்பதாகக் குருவம்மாள் சொன்னாள். மருமகள் தூக்கக் கலக்கத்தில் கைதவறவிட்டுவிடுவாளாம். மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டினாள். காலியாக வேண்டியவை காலியாகத்தான் இருந்தன. காலி அட்டை, மாத்திரை வெளியே வந்ததற்குச் சாட்சி. குழந்தையின் வாய்க்குள் போனதற்குச் சாட்சி அல்ல. இன்றைக்கு என் முன்னால் கொடுங்கள் என்றேன்.

ஒரு கரண்டியில் மாத்திரையை வைத்து இன்னொரு கரண்டியின் முதுகால் அமுக்கினாள். உடைந்து மாவானது. அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். கை குழந்தையின் பக்கம் வரவில்லை.

மாரீஸ்வரி பாயிலிருந்து எழுந்தாள். “அத்தே, தெனமும் குடுத்தாச்சுன்னுதான சொன்னீக?”

குருவம்மாள் கரண்டியைக் கீழே வைத்தாள். என்னைப் பார்த்துச் சொன்னாள். “வெள்ளைப் பொடியை எப்படிம்மா பச்சப்பிள்ளை வாயில வைக்க? தெனமும் பொடிச்சேன். தெனமும் வாறுகால் சாக்கடையில கொட்டிட்டேன்.”

மாரீஸ்வரி குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு சுவரோரம் போய் நின்றாள். எனக்கும் கோபம் வந்தது. ஆனால் பொய் சொல்கிறவர்களிடம் கோபப்பட்டால் அடுத்த பொய்தான் கிடைக்கும். ஏன் என்று மட்டும் கேட்டேன்.

குருவம்மாள் கல்யாணமாகி வந்த புதிதில், வீட்டிலேயே வைத்து வெடி செய்கிற வேலை நடந்திருக்கிறது. பானைகளுக்குப் பக்கத்தில் வெடியுப்பு வைத்திருந்தார்கள். அதுவும் வெள்ளைப் பொடி. அவளுடைய நாத்தனார் இருட்டில் அதை எடுத்து ரசத்தில் போட்டுவிட்டாள். வீடே வாந்தி எடுத்தது. பெரியவர்கள் பிழைத்துக்கொண்டார்கள். நாத்தனாரின் குழந்தை பிழைக்கவில்லை. அன்றிலிருந்து அந்த அடுப்படிக்குள் வெள்ளைப் பொடி எதுவும் நுழைந்ததில்லை. மைதா கிடையாது. சீனி கிடையாது, வெல்லம்தான். அரிசி மாவுகூட ஈரமாக அரைத்ததுதான். குருவம்மாள் போட்ட சட்டம் அது. கம்பெனியில் எந்த இன்ஸ்பெக்டரும் இவ்வளவு கறாராக ஒரு விதியைக் காப்பாற்றி நான் பார்த்ததில்லை.

“அப்ப உப்பு?” என்று என் வாய் வரை வந்துவிட்டது. கேட்கவில்லை. கேட்டிருந்தால் அடுப்படிக்குள் போயிருப்பேன், பேச்சு வளர்ந்திருக்கும், கரண்டியில் இருந்தது இன்றைக்கும் வாறுகாலுக்குப் போயிருக்கும். உப்புச் சாடி எங்கேயும் ஓடிவிடாது. முதலில் மாத்திரை.

ஒரு விரலால் அந்தப் பொடியைத் தொட்டு என் நாக்கில் வைத்துக்கொண்டேன். இது எந்தக் கையேட்டிலும் இல்லை. நீங்கள் செய்யாதீர்கள், பிறகு என் பெயரைச் சொல்வீர்கள். அட்டையிலிருந்து வேறொரு மாத்திரையை எடுத்துப் புதிதாக உடைத்துக் குழந்தைக்குக் கொடுக்கச் சொன்னேன்.

“செத்த இருங்க” என்றாள் குருவம்மாள். “ஒங்களுக்கு ஒண்ணும் ஆகலைன்னா குடுப்போம்.”

எனக்குப் பாய் விரிக்கப்பட்டது. வரக்காப்பி வந்தது. நான் குடித்து முடிக்கும் வரை அவள் என் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஊர் நர்ஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். காபி முடிந்ததும், இன்னும் உயிரோடுதான் இருக்கிறேன், வேறு ஏதாவது பார்க்க வேண்டுமா என்று கேட்டேன். நீங்கள் கெட்டி உசிரு, உங்களை வைத்துக் கணக்குப் போட முடியாது என்றாள். ஆனால் புதிதாக ஒரு மாத்திரையைப் பொடித்து, கரண்டியை எடுத்து நீட்டினாள், என்னிடம் அல்ல, மாரீஸ்வரியிடம். மாரீஸ்வரி அதில் தன் பாலைக் கொஞ்சம் பீய்ச்சினாள். பொடி பாலோடு பாலாகிக் கண்ணுக்குத் தெரியாமல் போனது. குழந்தை விழுங்கியது. அன்றுதான் அவனுக்கு வைத்தியம் தொடங்கியது.

அதன் பிறகு உப்பைக் கேட்டேன். எதிர்பார்த்த பதில்தான் வந்தது. “கல்லு உப்புதான். கையில எடுத்தாலே தெரியும்ல, அது உப்பு, வேற ஒண்ணும் இல்லைன்னு.” தூத்துக்குடிப் பக்கமிருந்து லாரியில் வருவதை மூட்டையாக வாங்கிச் சாடியில் கொட்டி வைத்திருந்தாள். பிள்ளை பெற்றவளுக்கு என்று அதையும் வறுத்து, குறைவாகப் போட்டிருக்கிறாள். பத்தியம் என்று பால், தயிர், முட்டை, மீன் எல்லாவற்றையும் நிறுத்தியிருந்தாள். ஒரு தாய்க்கு அயோடின் வரக்கூடிய வாசல்கள் ஒவ்வொன்றையும், பேரனின் நன்மைக்காகவே, தன் கையால் மூடியிருந்தாள்.

நம் பையில் இருக்கும் சோதனைக் குப்பியிலிருந்து இரண்டு சொட்டு அந்த உப்பின் மேல் விட்டேன். அயோடின் இருந்தால் நீலம் பாய வேண்டும். உப்பு வெள்ளையாகவே இருந்தது. ஊர் நர்ஸ் திகைத்துப் போனாள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கொண்டுவந்த உப்பை எல்லாம் சோதித்து, இந்தத் தெருவே அயோடின் உப்பு சாப்பிடுகிறது என்று அவள் முறைப்படி அறிக்கை அனுப்பியிருந்தாள். மூத்தவள் கொண்டு வந்த உப்பும் நீலமாக மாறியதாம். மாரீஸ்வரிதான் விளக்கினாள். ரேஷனில் வாங்கும் பொடி உப்புப் பாக்கெட்டைக் கொல்லையில் தண்ணீர்த் தொட்டி தேய்க்க வைத்திருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் உப்பு கேட்டதும், கவர்ன்மெண்ட் கேட்பது கவர்ன்மெண்ட் உப்பாகத்தான் இருக்கும் என்று அதைக் கொடுத்தனுப்பியிருக்கிறார்கள். ஊர் நர்ஸ் மேல் தவறில்லை. விதி, வீட்டில் இருக்கும் உப்பைக் கேட்கச் சொல்கிறது. குழம்பில் விழும் உப்பை நீங்கள்தான் போய்ப் பார்க்க வேண்டும்.

மல்லாங்கிணற்றில் மாரீஸ்வரியின் அம்மா அந்தப் பாக்கெட்டை அப்படியே குழம்பில் போடுபவள். மூத்தவள் நன்றாக இருந்ததற்கு ஊர் மட்டும் காரணம் இல்லை.

இனிமேல் பொடி உப்பு வாங்குங்கள் என்று உத்தரவு போட்டிருந்தால், அந்தப் பாக்கெட்டும் தொட்டி தேய்க்கத்தான் போயிருக்கும். அயோடின் கலந்த கல் உப்பு சிவகாசிக் கடைகளில் கிடைக்கிறது. அடுத்த முறை ஒரு பாக்கெட் கொண்டு போனேன். குருவம்மாள் உள்ளங்கையில் கொட்டி, வெளிச்சத்தில் பார்த்து, ஒரு கல்லைக் கடித்து நசுக்கிப் பார்த்து, உப்புதான் என்று ஒத்துக்கொண்டாள். வறுக்காமல், மூடி போட்ட டப்பாவில் வைத்து, குழம்பை இறக்கும்போது கடைசியாகப் போடச் சொன்னேன். முட்டையும் மீனும் தயிரும் திரும்பி வந்தன. கருப்பசாமி கம்பெனியிலேயே குளித்து உடை மாற்றிவிட்டு வர வேண்டும், அவன் சட்டையை மாரீஸ்வரி தொடக் கூடாது என்றும் சொன்னேன்.

இதைக் கேட்டு அயோடின் என்றால் அமிர்தம் என்று கிளம்பிவிடாதீர்கள். விருதுநகரில் வசதியான ஒரு வியாபாரி வீட்டு மருமகள், பால் ஊறும் என்று ஆன்லைனில் கடல்பாசி மாத்திரை வாங்கி விழுங்கி, அளவு மீறிய அயோடினாலேயே குழந்தையின் சுரப்பியை முடக்கியதும் உண்டு. சுரப்பிக்குப் பட்டினியும் ஆகாது, விருந்தும் ஆகாது.

அடுத்த பரிசோதனையில் பையனின் அளவுகள் ஏறியிருந்தன. பசிக்கு அழுதான், ஆள் பார்த்துச் சிரித்தான். இடையில் போன நாட்கள் எதைக் கொண்டுபோயின என்று கேட்டேன். வளர வளரத்தான் தெரியும், இப்போதைக்குச் சரி என்றார் மருத்துவர். நிச்சயம் இல்லாததை நிச்சயம் என்று சொல்லாத மருத்துவர்கள் குறைவு. அவரை நான் அதற்காகவே நம்பினேன்.

உப்பு விஷயம் ஊரில் பரவியது. மிகவும் சந்தோஷப்பட்டவர் ஃபோர்மேன். போகிற இடமெல்லாம், பாருங்கள், உப்புதான் காரணம், கம்பெனிக்குச் சம்பந்தமில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். தீபாவளி ஆர்டர் நெருக்கிக்கொண்டிருந்த ஒரு காலையில் நான் அந்த வீட்டில் இருந்தபோது, கம்பெனி வேன் வாசலில் நின்றது. ஃபோர்மேன் இறங்கி வந்தார். ஆள் பற்றவில்லை, மாரீஸ்வரி நல்ல கை, இன்றைக்கே வந்தால் அவள் பழைய இடம் அவளுக்கு, இல்லையென்றால் வேறு ஆள் போட வேண்டியிருக்கும் என்றார். என் பக்கம் திரும்பி, நான் ஊர்க் கூட்டத்தில் ஒரு வார்த்தை சொன்னால் மற்ற பெண்களும் பயமில்லாமல் வருவார்கள் என்றார்.

மாரீஸ்வரி என்னைப் பார்த்தாள். “நான் போகட்டுமாம்மா?”

இந்த இடத்துக்குத்தான் உங்களைக் கூட்டி வந்தேன். என்னிடம் என்ன இருந்தது? அந்தக் குழாய் அடைக்கும் அறையின் தூசியை யாரும் சோதிக்கவில்லை. ஊர்த் தண்ணீரைச் சோதிக்கச் சொல்லி நான் எழுதியதற்குப் பதில் வரவில்லை. உப்பைக் கண்டுபிடித்ததால் ரசாயனம் நிரபராதி ஆகிவிடாது. அயோடின் குறைந்த உடம்பில் கொஞ்ச ரசாயனமும் பெரிய அடியாக விழும். இரண்டும் கூட்டாளிகளாக இருந்திருக்கலாம். ஒரு குற்றவாளி கிடைத்தவுடன் விசாரணையை மூடுவது போலீசுக்கு வசதி, நமக்கு இல்லை.

“உப்பு ஒரு காரணம்னு எனக்குத் தெரியும். உப்பு மட்டும்தான்னு எனக்குத் தெரியாது. அவன் பால் குடிக்கிற வரைக்கும் போகாதே” என்றேன்.

“கம்பெனின்னு ஆதாரம் இருக்கா?” என்றார் ஃபோர்மேன்.

“இல்லை. கம்பெனி இல்லைன்னு ஒங்ககிட்ட இருக்கா?”

அவர் கருப்பசாமியைப் பார்த்தார். கருப்பசாமி சாப்பாட்டுத் தூக்கைக் கையில் பிடித்தபடி தரையைப் பார்த்தான். அவன் பேசினால் அவன் இடமும் சேர்ந்து போகும் என்று அங்கே நின்ற எல்லோருக்கும் தெரிந்தது.

குருவம்மாள் உள்ளே போனாள். திரும்பி வந்தபோது பழைய சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டையை மாட்டி, தலையில் துண்டு கட்டியிருந்தாள். மகனின் கையிலிருந்து தூக்கை வாங்கி, அதில் இருந்தது இரண்டு பேருக்குக் காணுமா என்று திறந்து பார்த்தாள்.

“அவ எடத்துக்கு நான் வாரேன்” என்றாள் ஃபோர்மேனிடம். “நான் யாருக்குப் பால் குடுக்கப் போறேன்?”

படியில் இறங்கும்போது மருமகளைப் பார்த்து, தான் வந்து குளிக்கும் வரை பிள்ளையைத் தன் கையில் கொடுக்கக் கூடாது, தானே கேட்டாலும் கொடுக்கக் கூடாது என்று சொன்னாள். ஃபோர்மேன் வேன் கதவைத் திறந்துவிட்டார்.